தண்ணிக்குக் கழித்த காற்று

காற்றை வாசித்து எழுத ஓர் ஆள் வேண்டுமாம் என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரோ சொன்னபோது, என்னைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானே லீவு கொடுத்துவிட்டவன் நான். எழுத்தைப் பார்த்தால் எனக்கு மூட்டைப்பூச்சியைப் பார்த்த மாதிரி இருக்கும். கண்ணை வைப்பதற்குள் ஓரமாக ஊர்ந்து போய்விடும். ஆனால் இலக்கம் நன்றாக வரும். கலவரத்தில் நான் வேலை செய்த கண்டி டவுன் கடை எரிந்த பிறகு, ஹந்தானைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போய், கொழுந்து மடுவத்தில் ஏழெட்டு வருஷம் நின்றேன். பெண்கள் பறித்துக்கொண்டு வரும் கொழுந்தை அங்கேதான் நிறுப்பார்கள். தராசைப் பார்த்துக் கிலோவைக் கூப்பிடுவதும், சில நாள் புத்தகத்தில் எழுதுவதும் என் வேலை. தொண்டை பெரிது என்பதால் கிடைத்த உத்தியோகம். மூளைக்காகக் கிடைத்தது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆள் தேடியது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். பேராதனை கெம்பஸில் ஏதோ பெரிய படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவு. நான் மிஸ் என்று கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணை என்றார்.

"வாசிக்கத் தெரியுமோ, அண்ணை?"

"இலக்கம்னா உடனே சொல்லுவேன் மிஸ். எழுத்துன்னா கொஞ்சம் யோசிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு வருஷம் பிடிக்கும்."

அவர் சிரித்துவிட்டார். அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

மலை முகட்டில் இரும்புக் கம்பம் ஒன்று. அதன் உச்சியில் மூன்று இலை வைத்த காற்றாடி. ஓர் ஆள் கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். கொஞ்சம் தள்ளி இன்னொரு கம்பத்தில் மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு பெட்டி, பெட்டியில் இரண்டு ஊசி. இடது ஊசி கிண்ணம் சுற்றுவதை வைத்துக் காற்று செக்கனுக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று காட்டும். வலது ஊசி காற்றாடி எவ்வளவு கரண்ட் தருகிறது என்று காட்டும். அரை மணிக்கு ஒரு தடவை இரண்டையும் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் வெயிலா, மூட்டமா, மழையா என்று ஓர் எழுத்துப் போட வேண்டும். மழைக்கு 'ம'. அந்த எழுத்தை மட்டும் நான் முத்து முத்தாக எழுதுவேன்.

சண்டைக் காலத்தில் மலை உச்சியில் கம்பம் நட்டுச் சுற்றுகிற சாமானை வைத்தால் என்ன ஆகும்? கடிதம், முத்திரை, இன்னொரு கடிதம் என்று எல்லாம் எடுத்துத்தான் மிஸ் அதை நட்டிருந்தார். என்றாலும் முகட்டுக்கு ஏறும் பாதையில் இருந்த ஆமிக் காவல் சென்றியில் ஒவ்வொரு நாளும் நான் நிற்க வேண்டும். முதல் நாள் ஆமிக்காரர் என் ஐடென்டிட்டி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மோகத மே?" என்று மேலே கையைக் காட்டினார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"ஹுலங் மனினவா, மாத்தயா" என்றேன். காற்றை அளக்கிறேன் ஐயா.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். இந்த மூஞ்சியால் பொய் சொல்ல முடியாது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் இறங்கும்போதெல்லாம், சந்தையில் கரட் விலை கேட்பது போல, "அத கீயத?" என்று கேட்பார். இன்றைக்கு எவ்வளவு? நானும் ஆறு, எட்டு, நாலு என்று சொல்வேன். குறைந்திருந்தால் உச்சுக் கொட்டுவார்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. காற்றாடி தன் பாட்டுக்குச் சுற்றுகிறது, கரண்ட் வருகிறது, அதை ஏன் எழுத வேண்டும்? மிஸ்ஸிடம் கேட்டேன்.

"கெம்பஸில என்ர கம்பியூட்டருக்குள்ளயும் ஒரு காத்தாடி இருக்குது, அண்ணை. காத்து இவ்வளவு எண்டு குடுத்தால், கரண்ட் இவ்வளவு வரும் எண்டு அது சொல்லும். அது சொல்லுறது சரியோ எண்டு மலையில பாக்கவேணும்."

கம்பியூட்டருக்குள் காற்றாடி! எனக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை புத்தகத்தைக் கொடுக்கிற சாக்கில் பேராதனைக்கு பஸ் ஏறிப் போய், அவருடைய அறையில் அதைக் காட்டச் சொன்னேன். கறுப்புத் திரையில் பச்சை இலக்கங்கள் வரிசை வரிசையாக நின்றன. சுற்றுகிற சாமான் ஒன்றும் இல்லை. நான் பெட்டிக்குப் பின்னால் போயும் பார்த்தேன்.

"எங்க மிஸ் சுத்துது?"

"கணக்கில சுத்துது."

"கணக்கு நின்னுருச்சுன்னா?"

"நான் வீட்டை போகவேண்டியதுதான்" என்றார்.

அது வெறும் பகிடி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இதற்கு முன்னால் அவர் வடக்கில் கடற்கரையில் இதே மாதிரி கம்பம் நட்டு ஒரு வருஷம் முழுக்க அளவு எடுத்திருக்கிறார். ஷெல் விழத் தொடங்கியதும் ஊரே கிளம்பி ஓடியதாம். அளவுப் புத்தகங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருந்தன. பிறகு அந்த வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை. பேராதனையில் திரும்ப முதலில் இருந்து தொடங்கியிருந்தார். கெம்பஸ் அவருக்குக் கொடுத்த கடைசித் தவணை மார்கழி தொடங்கும்போது முடிகிறது. அதற்குள் கம்பியூட்டர் சொல்வதும் மலை சொல்வதும் ஒத்துப்போகிறதா இல்லையா என்று எழுதிக் கொடுக்காவிட்டால் படிப்பு போய்விடும். மூன்றாம் தடவை இல்லை.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காக வேலை செய்தேன். அதுதான் வினையாகப் போனது.

சனிக்கிழமைகளில் மிஸ் என் இலக்கங்களைத் தாளில் புள்ளியாக வைப்பார். கம்பியூட்டர் சொன்னது ஒரு வளைந்த கோடு. வெயில் நாள் புள்ளிகள் கோட்டை ஒட்டி, கம்பியில் காக்கை உட்கார்ந்த மாதிரி அழகாக இருந்தன. மழை நாள் புள்ளிகளுக்கு வட்டம் போட்டார். அந்த வட்டங்கள் எல்லாம் கோட்டுக்கு மேலே பறந்துகொண்டிருந்தன.

"இஞ்ச பாருங்கோ. ஆறு மீட்டர் காத்துக்கு இவ்வளவு கரண்ட் வரவே ஏலாது. மழை பெய்தால் மட்டும் உங்கட காத்தாடிக்குப் பேய் பிடிக்குது."

"கூடத்தானே வருது மிஸ்? நல்லதுதானே?"

"கூட வந்தாலும் பிழைதான், அண்ணை. ஏன் எண்டு சொல்லத் தெரியாட்டி எல்லாமே பிழை."

கூட வந்தால் பிழை என்று சொல்லும் ஆளை நான் அதுவரைக்கும் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் ஒரு மரியாதையும், கூடவே கொஞ்சம் பயமும் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அதே பேச்சுத்தான். மழை நேரத்துக் குளிர்காற்று கனம் கூட, ஆனால் அது இவ்வளவு தராது என்றார் மிஸ். இலையில் ஒட்டின தூசியை மழை கழுவிவிடுவதால் வழுக்கிச் சுற்றுகிறதோ என்று பார்த்தார். வெயில் நாளில் நான் ஏறி ஈரத்துணியால் இலையைத் துடைத்தேன். ஒன்றும் மாறவில்லை. எனக்கும் ஆர்வம் தாங்கவில்லை.

"மழைத்துளி இலை மேல விழுந்து தள்ளிவிடுதோ, மிஸ்?"

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த மனுஷி நாலு நாள் உட்கார்ந்து அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். துளி எடை, துளி வேகம், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை துளி. கடைசியில், தள்ளாது, பிடித்துத்தான் இழுக்கும் என்று கணக்கு வந்ததாம். கம்பியூட்டர் நான் சொன்னதைப் பொய் என்று நிரூபித்தது எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. லயத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஐப்பசி கடைசிக் கிழமையில் மிஸ்ஸின் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. ஒரு நாள் கையில் ஸ்குரூ டிரைவரோடு மலைக்கு ஏறி வந்தார்.

"கிண்ணத்தைக் கழட்டப்போறன். மழையில அது குறைச்சுக் காட்டுது போல. கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கவேணும். மூண்டு கிழமையாவது ஆகும்."

"மூணு கிழமைன்னா இருபத்தொரு நாளாச்சே மிஸ்? மார்கழிக்குள்ள எப்புடி முடியும்?"

"முடியாதுதான். ஆனா வேற வழி?"

எனக்குக் கிண்ணத்தின் பேரில் ரோஷம் வந்துவிட்டது. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை மாதிரி அது.

"கிண்ணத்தக் குத்தம் சொல்லாதீங்க மிஸ். மழையில அது குறைச்சுக் காட்டாது. கூட்டித்தான் காட்டும். அதான் நான் தண்ணிக்குக் கழிச்சிட்டே வாறேனே."

மிஸ் ஏணியில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றார்.

"என்ன செய்தனீங்கள்?"

"தண்ணிக்குக் கழிச்சேன்."

பிறகு நான் விளக்கினேன். எவ்வளவு பெருமையோடு விளக்கினேன் என்று இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. மடுவத்தில் மழை நாளில் கொழுந்து நனைந்து வரும். தராசு காட்டுவதில் பாதி தண்ணிதான் என்று சொல்லி, கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எழுதுவோம். அப்படிக் கழிக்கத் தெரியாதவனைத் தராசுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். மழையில் நனைந்த காற்றும் கனமாகத்தானே இருக்கும்? கனமான காற்று கிண்ணத்தை அதிகமாகத் தள்ளும். ஊசி ஏழு காட்டினால் உண்மைக் காற்று ஆறுதான். இதை மிஸ் சொல்லித்தர மறந்துவிட்டார், பாவம், படித்தவருக்கு இந்த மாதிரி விஷயம் தெரியாது என்று நானே பார்த்துச் செய்தேன்.

"கரண்டிலயும் கழிச்சனீங்களோ?"

"இல்ல மிஸ். கரண்டு நனையாதே."

மிஸ் ஏணியில் இருந்து காலை எடுத்து, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறாரோ என்றும் இருந்தது. இரண்டும் இல்லை, மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"காத்து ரெண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு, அண்ணை. ஏழை ஆறு எண்டு எழுதினால் மூண்டில ஒரு பங்குக்கு மேல போயிடும். அதுதான் வட்டம் எல்லாம் மேல நிக்குது."

ஒன்றைக் கழித்தால் ஒன்றுதானே போகும்? மூன்றில் ஒரு பங்கு எப்படிப் போகும் என்று எனக்குத் தலை சுற்றியது. அதை அப்போது கேட்கிற தைரியம் இல்லை.

"திரும்பக் கூட்டிடலாமே மிஸ்? நான் கழிச்சதுதானே, எனக்குத் தெரியும்."

"சரி, சொல்லுங்கோ. எவ்வளவு கழிச்சனீங்கள்?"

"தூறலுக்கு ஒன்னு. பெரிய மழைக்கு ரெண்டு."

"எப்பவும்?"

இந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

"எப்பவும் இல்ல மிஸ். சில நேரம் காத்தப் பாக்கப் பாவமா இருக்கும். அப்ப விட்டுருவேன். மடுவத்துலயும் புள்ளத்தாச்சி கூடைன்னா விட்டுருவோம்."

"அப்ப கூட்டேலாது" என்றார். கோபமாகக்கூட இல்லை. "நீங்கள் நினைச்சதை நான் கூட்டினால் அது அளவு இல்லை. 'ம' போட்ட வரி எல்லாத்தையும் விடவேண்டியதுதான்."

பத்து மாதத்தில் மழை வரிகள் ஏறக்குறைய பாதி. நான் நின்ற இடத்தில் ஒரு குழி இருந்திருந்தால் உள்ளே போய்ப் படுத்திருப்பேன். வடக்கில் ஷெல் செய்ததை ஹந்தானையில் நான் ஒரு பென்சிலை வைத்துச் செய்திருக்கிறேன். வேலை போச்சு என்று நினைத்துத் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன்.

"எங்க போறியள்?" என்று பின்னால் சத்தம் கேட்டது. "மார்கழிக்கு அஞ்சு கிழமை கிடக்கு. மழை பெய்தால் ஆர் வாசிக்கிறது?"

அந்த ஐந்து கிழமையும் மழைக்காக நாங்கள் இருவரும் ஆகாயத்தைப் பார்த்த மாதிரி எந்த விவசாயியும் பார்த்திருக்க மாட்டான். மிஸ் புதுச் சட்டம் போட்டார். இரண்டு பேர், இரண்டு தாள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. ஊசி காட்டுவதை மட்டும் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அதைக் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும், எழுத வராவிட்டால் படமாவது போட வேண்டும். நான் ஒரு தடவை தலையைச் சொறியும் ஆளைப் போட்டேன். மிஸ் அதையும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

முதல் கிழமை நல்ல வெயில் அடித்தது. இரண்டாம் கிழமை மழை பிடித்தது, ஆனால் டவுன் பக்கம் ஏதோ பிரச்சினை என்று பாதையை மூடிச் சுற்றிவளைப்புச் செய்தார்கள். லய வாசலில் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முகட்டில் காற்று ஊளையிட்டது. அருமையான மழை, அருமையான காற்று. எட்டு இருக்கும், ஒன்பதுகூட இருக்கும். துவக்கைப் பிடித்திருந்த ஆளுக்கு முன்னால் நின்றுகொண்டு என் மனம் அதைத்தான் எண்ணியது. பாதை திறந்ததும் மிஸ்ஸிடம், எட்டு என்று எழுதிவிடலாமா, நான் காதால் கேட்டேனே என்றேன்.

"இலக்கம் போடாமல் 'போகேல்லை' எண்டு எழுதுங்கோ."

"வெத்துக் கட்டமாவா? மடுவத்துப் புத்தகத்துல வெத்துக் கட்டம் இருந்தா அன்னைக்கு ஆளே இல்லைன்னு அர்த்தம், மிஸ்."

"ஓம். ஆள் இல்லைத்தானே."

அதற்குப் பிறகு மழை கேட்காமலே வந்தது. தகரக் கொட்டிலுக்குள் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, முறை வைத்து எழும்பிப் போய் ஊசியைப் பார்த்துவிட்டு வந்து எழுதினோம். எல்லாமாகச் சேர்த்து இருபத்தாறு மழை வரிதான் தேறியது. கடைசிச் சனிக்கிழமை மிஸ் வட்டங்களைப் போடப் போட நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வட்டங்கள் கோட்டில் வந்து உட்கார்ந்தன. ஒன்றிரண்டு மட்டும் பக்கவாட்டில் தொங்கின. அவை ஏன் அப்படி என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். அவர் அந்தச் சொல்லைச் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். எங்களைப் போன்ற ஆட்கள் சொன்னால் வெட்கம், அவர் சொன்னால் அடுத்த வேலை.

மிஸ்ஸின் படிப்புக்குச் சோதனை வைத்த நாளன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். அயல் வீட்டுத் தம்பியின் காற்சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அது இடுப்பில் நிற்கவில்லை, ஒரு கை எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் ஒரு மணிநேரம் இருந்திருப்பேன். பியோன் வந்து, உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றார்.

"என்னையா? நான் படிக்கலையே!"

"காத்து எழுதின ஆள் நீதானே? வா."

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலை நரைத்த சிங்களப் பேராசிரியர் தமிழ் பேசினார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்து. மிஸ் வாயைத் திறக்கப் போனார். "நீங்க பேச வேணாம். இவர்கிட்டதான் கேக்கிறது" என்றார் அவர்.

"மழைக்கு ஏன் குறைச்சது?"

சொன்னேன். மடுவம், தராசு, தண்ணி, எல்லாம். காற்சட்டையைப் பிடித்த கையை விடாமலே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை.

"சரி. இப்ப இந்த இருபத்தாறு. இதுலயும் நீங்க கழிச்சிருந்தா? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய இரண்டு வருஷமும் என் வாயில் வந்து நிற்கிறது என்று அந்த முகம் சொன்னது. நான் சத்தியம் பண்ணலாமா என்று யோசித்தேன். என் சத்தியத்தை என் வீட்டிலேயே யாரும் எடுப்பதில்லை.

"என்ன நம்பாதீங்க சார்" என்றேன். "அங்க ரெண்டு தாள் இருக்கு. மிஸ்ஸு தனி, நான் தனி. சேர்த்து வெச்சுப் பாருங்க."

அவர் பார்த்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், என் தாளில் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இங்க ஆறு எழுதி வெட்டி, ஏழு போட்டிருக்கு. இது என்ன?"

"அது கை பண்ணுன வேல சார். தூறல் நேரம். ஊசி ஏழுல நிக்குது, கை பழக்கத்துல ஆறுன்னு போட்டுருச்சு. பாத்ததும் வெட்டிட்டேன். அழிக்க றப்பர் கேட்டேன், மிஸ்ஸு குடுக்கல."

அவர் மிஸ்ஸின் தாளைப் பார்த்தார். அதே வரியில் ஏழு.

"இப்ப வெளியில மழை" என்றார். உண்மையாகவே ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. "ஊசி ஏழு. என்ன எழுதுவீங்க?"

"ஏழு எழுதுவேன் சார். ஆனா மனசு ஆறுன்னுதான் சொல்லும். இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் சொல்லும்."

இந்தத் தடவை அவரும் சிரித்தார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

வாங்கில் திரும்ப உட்கார்ந்தேன். மழை விட்டது, பிறகும் பிடித்தது. மிஸ் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினார்.

"பாஸ்" என்றார். "திருத்தத்தோட. மழையைப் பற்றின பகுதி முழுக்கத் திரும்ப எழுதவேணும். பழைய மழை வரியளை ஏன் விட்டனாங்கள் எண்ட காரணத்தையும் போடட்டாம்."

நான் எழும்பிக் கத்தப் போனேன். காற்சட்டை இறங்கியதால் உடனே உட்கார்ந்துவிட்டேன். அவர் பையில் இருந்து தாளும் பேனையும் எடுத்தார்.

"காரணத்தை எப்பிடிப் போடுறது, அண்ணை?"

"அளந்தவன் முட்டாள்னு போடுங்க. கூட ஒரு சொல்லு வேணாம்."

"அது காரணம் இல்லை. தண்ணிக்குக் கழிக்கிறது தோட்டத்து வழக்கம், அளந்தவர் அந்த வழக்கப்படி செய்தவர். இவ்வளவுதான் நடந்தது." எழுதினார். பிறகு பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தார். "இன்னொண்டும் போடவேணும். பத்து மாசமா நான் ஒருக்காலும் கேக்கேல்லை, எப்பிடி வாசிக்கிறீங்கள் எண்டு."

"அதெல்லாம் வேணாம் மிஸ். உங்க பேருக்குக் கெடுதி."

"நடந்தது தானே?"

"நடந்ததுதான். ஆனா புத்தகத்துல எல்லாம் போட்டா எப்புடி?"

அவர் போட்டார். நான் வேண்டாம் என்றேன். எழுத்துத் தெரிந்திருந்தால் அந்த வரியைப் பிடுங்கி வெட்டியிருப்பேன். அவர் எதை எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்ததில், எனக்கு விளங்கியது நடுவில் இருந்த ஒரு 'ம' மட்டும்தான்.